மேகத்தைத் தட்டுத் தட்டாக வைக்கிறவள்

ஓம், ஏறினாள்தான். படகுப் பாதையில் ஏறி அக்கரைக்குப் போனாள், இறங்கவில்லை. அதிலேயே திரும்பி வந்தாள், இங்கும் இறங்கவில்லை. மறுபடியும் போனாள். இதை நான் இல்லையென்று சொன்னேனா? துசாந்தினி வாவிக்கு நடுவில் அங்குமிங்கும் போய்வருவதை நானும்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு றஞ்சிதா கொடுக்கிற விளக்கம் இருக்கிறதே, அதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"ஒருத்தி இறங்காம இறங்காமப் போறாளெண்டா, ஏறுறவன் ஆரோ இரிக்கான்தானே ஆச்சி" என்றாள் றஞ்சிதா. குருக்கள்மடத்தில் எங்கள் ஒழுங்கை முனையில் கடை வைத்திருப்பவள் அவள். பருப்பு நிறுத்தபடியே இதைச் சொன்னாள். தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் பொறுக்குவதை விட்டுவிட்டுக் காது கொடுத்தார்கள்.

"இரிக்கான். பாதை ஓட்டுற இளையதம்பி. பேரப்புள்ள கண்ட மனிசன். போய்க் கேளு" என்றேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வள்ளங்களைப் பக்கம் பக்கமாகப் பிணைத்து, மேலே பலகை அடித்து, மோட்டார் பூட்டி, ஆட்களையும் சைக்கிளையும் நெல் மூட்டையையும் வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கும் படுவான்கரைக்குக் கொண்டுபோகிற தெப்பம் ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பாதை என்றுதான் பெயர். இளையதம்பியை நானே கேட்டேன். அவன் சொன்னது இவ்வளவுதான்: "ஏறுவாள், நடுப்பலகைல குந்துவாள், தண்ணியப் பாப்பாள். ஒருத்தரோடயும் கதை இல்ல. என்னோட கதைக்கிறதும் ஒரே கதைதான். 'மாமா, கொஞ்சம் ஆறுதலா விடுங்க.' கலியாண ஊர்வலம் போற மாதிரி விடச் சொல்றாள்."

அவள் பார்ப்பது மேகத்தை. மேகம் மேலே அல்லவா இருக்கிறது, தண்ணீரில் என்ன பார்வை என்று கேட்பீர்கள். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும் மாதங்களில் எங்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தால் கண் கூசி நீர் வடியும். போனில் படம் பிடித்தால் வெறும் வெள்ளையாக வரும். வாவித் தண்ணீரில் அதே மேகம் கண்ணுக்கு இதமாக, ஓரம் கத்தரித்து வைத்த மாதிரித் தெரியும். அதனால் மேகம் பார்க்கக் குனிகிறவள் அவள். கிணற்றடி வாளிக்குள்ளும், மழை விட்டபின் ஒழுங்கையில் தேங்கிய பள்ளத்துக்குள்ளும் எட்டிப் பார்ப்பாள். தெருவில் தலையைக் குனிந்தே நடந்ததால் அடக்கமான பிள்ளை என்று முதலில் பேர் வாங்கினாள். குனிந்து என்ன பார்க்கிறாள் என்று தெரிந்தபிறகு அந்தப் பேரும் போயிற்று.

ஒல்லிப் பிள்ளை. கொடியில் துணி பறக்காமல் பிடிக்கிற கிளிப்பால் தலைமயிரைப் பிடித்திருப்பாள். வலது மணிக்கட்டில் ஒரு பழந்துணி சுற்றியிருக்கும். அந்தக் கை நாள் முழுக்க மேசையில் உரசுவதால் தோல் வழன்றுபோகுமாம். பிட்டைக் கோப்பையில் போட்டு நின்றபடியே சாப்பிடுவாள். எதைப் பார்த்தாலும் அவள் வாயில் வருகிற பேச்சு ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் கீழ." கோயில் சடங்குக்குத் தோரணம் கட்டுகிறவர்களை அண்ணாந்து பார்த்து இதைச் சொல்வாள். சுவரில் சாமிப் படத்துக்கு ஆணி அடிக்கும்போதும் சொல்வாள். அவள் சொன்னபடி இறக்கிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். எரிச்சலும் வரும்.

வந்தாறுமூலையில் கம்பஸ் படிப்பு முடித்துவிட்டு, வேலை கிடைக்கும் கிடைக்கும் என்று காத்திருந்து, கடைசியில் தானாகவே ஒரு வேலையைப் பழகிக்கொண்டாள். கட்டப்போகிற ஹோட்டலைக் கட்டி முடித்த மாதிரியே கணினியில் காட்டுவார்கள். உலகத்தில் இல்லாத மலையையும் கடலையும் படக் கம்பனிகளுக்குச் செய்து கொடுப்பார்கள். கட்டடம் ஒருவர், மரம் ஒருவர், தண்ணீர் ஒருவர் என்று பிரித்துச் செய்வார்களாம். இவளுக்கு வந்து சேர்வது வானம். அதிலும் மேகம்.

"வீட்டக் கீறுறது வேல எண்டு சொல்லலாம். மேகத்தக் கொண்டுபோய் வைக்கிறதும் ஒரு வேலையா ஆச்சி?" என்று றஞ்சிதா கேட்கிறாள். சொல்லத்தான் வேண்டும், நானும் அதைக் கேட்டேன். ஆனால் நான் அவளிடமே கேட்டேன். கடையில் நின்று கேட்கவில்லை.

துசாந்தினியின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அவளுடைய அறை யன்னலில் கறுப்புத் துணி அடித்திருப்பாள். பட்டப்பகலில் அறையை இருட்டாக்கிக்கொண்டு என்ன செய்கிறாள் என்பது ஊர்க்கதையில் பாதி. வெளிச்சம் திரையில் விழுந்தால் மேகத்தின் வெள்ளை எது, சாம்பல் எது என்று பிரித்துப் பார்க்க முடியாதாம், அதற்குத்தான் அந்தத் துணி. ஒரு நாள் காலையில் நான் கேட்டதும் அறையை விட்டு வெளியே வந்தாள். தாய் நாகரெத்தினம் சந்தைக்குப் போயிருந்தாள். முற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கொடி கட்டினாள். வேலியோரக் கொடியில் கிழிந்த நுளம்பு வலையைப் போட்டாள். நடுக்கொடிக்கு ஒரு பழைய வெள்ளைச் சீலை. முன்கொடிக்கு என்ன போடுவது என்று யோசித்துவிட்டு உள்ளே போய்த் தலையணை ஒன்றை எடுத்து வந்தாள். நான் வாய் திறக்குமுன் அதன் தையலைப் பிரித்து, இலவம்பஞ்சைப் பொதி பொதியாக எடுத்து நூலில் கட்டித் தொங்கவிட்டாள்.

"இப்ப கிணத்தடியில இருந்து படலை மட்டும் நடங்க ஆச்சி. நடந்துகொண்டே பாருங்க. எது ஓடுது, எது நிக்குது?"

நடந்தேன். முன்னால் தொங்கிய பஞ்சு என்னைக் கடந்து ஓடிற்று. சீலை மெல்லமாக நகர்ந்தது. நுளம்பு வலை அசையாமல் என்னோடு கூடவே வருகிற மாதிரி இருந்தது.

"அதுதான் ஆச்சி. மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு. மேல நிக்கிறது வலை மாதிரி மெல்லிசா இரிக்கும். நடுவில நிக்கிறது விரிச்சுப் போட்ட மாதிரி. கீழ நிக்கிறதுதான் பொதி பொதியா. மூண்டையும் ஒரு தட்டில ஒட்டினா வானம் சுவர் மாதிரி நிக்கும், ஒருத்தரும் நம்பமாட்டாங்க. எது எங்க நிக்கணும் எண்டு வைக்கிறதுதான் என்ட வேல."

எழுத்துத் தெரியாத எனக்கு அது விளங்கிற்று. கணக்குப் பார்த்துப் பருப்பு நிறுக்கிற றஞ்சிதாவுக்கு ஏன் விளங்கக்கூடாது? ஆனால் அன்றைக்கு விளங்காமல் போனது நாகரெத்தினத்துக்கு. சந்தைப் பையோடு வேலிப் படலையைத் திறந்தவள் முன்கொடியைப் பார்த்தபடியே நின்றாள். அந்தப் பஞ்சு அவள் தன் கையால் கொட்டை எடுத்து அடைத்தது.

"மனிசர் தல வைக்கிற சாமானக் கிழிச்சாடி கொடியில தூக்குவ?"

"மேகம் அம்மா."

"மேகமா? இரி, இடியும் வருது."

பஞ்சு முழுவதையும் ஓர் உரப்பைக்குள் வாரிக் கட்டி, அடுக்களைப் பரணில் எறிந்தாள். நுளம்பு வலையை மட்டும் அவிழ்க்க மறந்துவிட்டாள். அது இரண்டு நாள் அந்தக் கொடியிலேயே கிடந்தது. அதற்கும் ஊரில் ஒரு கதை உண்டானது.

நாகரெத்தினத்தைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் ஆனால் ஆண்பிள்ளைதான் பிறந்த வீட்டை விட்டு இறங்கிப் பெண் வீட்டுக்கு வந்து சேர்வான். பெண் நின்ற இடத்தில் நிற்பாள். புருசன் இல்லாமல் அந்த மனுசி வயல்வட்டையில் கூலிக்குக் கதிர் அறுத்து, கல் கல்லாகச் சேர்த்து மகளுக்கென்று கட்டியதுதான் அந்த வீடு. அப்படியிருக்க, கொழும்பில் படம் செய்கிற கம்பனி ஒன்று துசாந்தினியைக் கூப்பிட்டது. முதலில் ஒரு படம் செய்து அனுப்பவேண்டும். விடியற்கால வாவி, அதன்மேல் கமரா பறந்து போகவேண்டும், வானத்தில் மூன்று தட்டு மேகம் நிற்கவேண்டும். படம் பிடித்துப்போனால் கொழும்புக்கே போய் அங்கே இருந்து வேலை செய்யவேண்டும்.

"வீட்டுக்கார பொம்புள வீட்ட விட்டுப் போறதா? அப்ப இந்தச் செவருக்குள்ள ஆரு இரிக்கிறது, நுளம்பா?" என்றாள் நாகரெத்தினம்.

துசாந்தினி படத்தைச் செய்தாள். பாதையில் இருந்து தண்ணீரைப் பார்த்துப் பிடித்த மேகங்களையெல்லாம் அதற்குள் வைத்தாள். அனுப்பினாள்.

கம்பனிக்காரர் போனில் பேசிய நாளில் நான் கீரை கொடுக்கப் போயிருந்தேன். கம்பனியில் மேகத்துக்கும் வெளிச்சத்துக்கும் பொறுப்பானவள் அம்னா என்று ஒரு பெண். ஏறாவூர்ப் பிள்ளையாம், கதைப்பது எங்கள் பேச்சுத்தான். போனை மேசையில் வைத்துவிட்டு, சத்தம் வெளியே கேட்கும்படிதான் துசாந்தினி கதைப்பாள். ஒளித்துக் கதைக்கிறவள் அப்படியா கதைப்பாள்? இதையும் றஞ்சிதா கவனிக்கட்டும்.

"தங்கச்சி, படம் வடிவா இரிக்கி" என்றது போன். "ஒரு கேள்வி கேக்கட்டா? மேகத்துக்கு அடி எது, தல எது?"

"அடி தட்டையா இரிக்கும் அக்கா. தல பொங்கி இரிக்கும்."

"அப்ப ஒங்கட மேகம் ஏன் தட்டையெல்லாம் மேல காட்டிக்கிட்டு நிக்கிது?"

துசாந்தினி திரைக்குக் கிட்டப் போனாள். கழுத்தைச் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். அவள் காதெல்லாம் சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

அந்தப் பக்கத்தில் சிரிப்புக் கேட்டது. "எங்க, உண்மையச் சொல்லுங்க. இத தண்ணிக்குள்ள பாத்தா எடுத்தீங்க?"

"ஓம் அக்கா."

"இஞ்ச ஒருத்தருக்கும் என்ன பிழ எண்டு சொல்லத் தெரியல்ல. என்னமோ வயித்தப் புரட்டுது எண்டுதான் சொன்னாங்க. நான் பாத்தவொடன சிரிச்சிட்டன். சின்னதுல எங்கட ஊர் ஆத்தங்கரையில நானும் வானத்த அப்புடித்தான் பாத்த." பிறகு அம்னாவின் குரல் மாறிற்று. "ஆனா எனக்கு வெளங்கின எண்டதுக்காக எடுக்க ஏலா தங்கச்சி. இன்னொருக்காச் செய்ங்க. அதுதான் கடைசி. அதுக்குப் பொறகு இஞ்ச ஒங்களுக்காகக் கேக்க எனக்கு வாய் இல்ல."

மேகம் தலைகீழாக நின்ற கதை மாலைக்குள் கடைக்கு வந்துவிட்டது. நான் சொல்லவில்லை. நாகரெத்தினம்தான் ஆற்றாமையில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். "அவள்ட மேகத்தில மழ பேஞ்சா மேலுக்குத்தானே போகும்? இந்த மாரிக்கு வட்டையத் தூக்கித் தலகீழாப் புடிங்க" என்று றஞ்சிதா சொல்ல, கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இளையதம்பிகூட, "நான் அப்பவே யோசிச்சன், குனிஞ்சு வானம் பாக்கிற ஆள முதல்தரம் கண்டன்" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர்கள் முன்னால் சிரித்தால் பிறகு எப்படிச் சண்டை பிடிப்பது?

நாகரெத்தினம் சிரிக்கவில்லை. கிரானில் இருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. சுபாகரன் என்று வயல் செய்கிற பொடியன், நல்ல பிள்ளை என்றுதான் கேள்வி. "இந்தப் படமும் திரும்பி வந்தா கம்பியூட்டர மூடுற. கிரானாக்களுக்கு ஓம் எண்டு சொல்ற. சரியா?" என்றாள் மகளிடம்.

"சரி அம்மா."

அவள் மல்லுக்கு நிற்பாள், அழுவாள் என்று நான் வேலியோரம் காத்திருந்தேன். அவள் ஒரு சொல்லில் முடித்துவிட்டுக் கிளிப்பைக் கழற்றித் தலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

"திருப்பி வச்சாப் போதாதா புள்ள? சட்டியக் கவுத்த மாதிரி" என்று நான் யன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"திருப்பினா நேராகும் ஆச்சி. ஆனா தண்ணி நடுங்கினது அதுக்குள்ள இரிக்கே. ஓரமெல்லாம் நடுங்கிது, பாருங்க" என்று கறுப்புத் துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். எனக்கு நடுக்கம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது, அது போதும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினாள்.

மேல்தட்டு சீக்கிரம் ஏறிற்று. நடுத்தட்டும் அப்படித்தான். கீழ்த்தட்டுத்தான் அவளைப் படுத்தியது. உயர்த்தினால் அது நடுத்தட்டோடு ஒட்டிக்கொண்டது, இறக்கினால் கூரையில் புகை அடைத்த மாதிரி இருந்தது. "எங்க நிக்கிற நீ? எங்க நிக்கிற?" என்று திரையைப் பார்த்து அவள் கேட்பது என் அடுக்களைவரைக்கும் கேட்கும். தனியே கதைக்கிறாள் என்று அதற்கும் பட்டம் கட்டினார்கள். தனியே எங்கே கதைத்தாள்? மேகத்தோடுதானே கதைத்தாள்.

மறுபடியும் பாதையில் ஏறத் தொடங்கினாள். இந்த முறை குனியவில்லை. கறுப்புக் குடையை முகத்துக்கு நேரே சரித்துப் பிடித்து, அதன் விளிம்பால் மேலே பார்த்தாள். ஒரு பின்னேரம் படுவான்கரையில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டு நான் அதே பாதையில் திரும்பினேன். றஞ்சிதாவும் கடைக்கு அரிசி மூட்டை வாங்கிக்கொண்டு ஏறியிருந்தாள். துசாந்தினி வழக்கம்போல் இறங்காமல் இருந்தாள். நடு வாவியில் மிதந்துவந்த ஆற்றுவாழைச் செடி மோட்டாரில் சுற்றிக்கொண்டது. இளையதம்பி மோட்டாரை நிறுத்திவிட்டுக் கத்தியோடு குனிந்தான். ஆட்கள் முணுமுணுத்தார்கள். அத்தனை பேரில் முகம் மலர்ந்தவள் இவள் ஒருத்திதான்.

"மாமா, ஆறுதலா வெட்டுங்க" என்றாள்.

"உனக்கு மோட்டார் ஓடினாலும் ஆறுதல், ஓடாட்டியும் ஆறுதல்" என்றான் இளையதம்பி.

அப்போது எங்கள் கரைப் பக்கம் இருந்து, தென்னைகளைக் கடந்து, நிழல் ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. கடல்காற்று தள்ளிக்கொண்டு வந்த மேகத்தின் நிழல். வெயிலில் பளபளத்த வாவி, பாய் சுருட்டுகிற மாதிரி கரையோரத்தில் இருந்து மங்கிக்கொண்டே வந்தது. பாதையில் ஏறிற்று. என் கால், அரிசி மூட்டை, றஞ்சிதாவின் முகம் என்று ஒவ்வொன்றாகக் குளிர்ந்தது. றஞ்சிதா மழை என்று நினைத்துச் சீலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டாள்.

"றஞ்சிதாக்கா, கெதியாச் சொல்லுங்க. இப்ப எங்களுக்கு நிழல் போடுற மேகம் எங்க நிக்கிது?"

"இந்தா, உச்சில" என்று றஞ்சிதா கையை நேர் மேலே நீட்டினாள்.

துசாந்தினி அந்தக் கையைப் பிடித்து, சாய்ந்துகொண்டிருந்த சூரியன் பக்கமாக இறக்கினாள். "உச்சில இல்ல அக்கா. வெயிலுக்கும் எங்களுக்கும் நடுவில. இன்னும் கொஞ்சம் கீழ. இந்தா... இஞ்ச!" அவள் விரல் அந்த மேகத்தின் அடியில் நின்றது. நிழல் எங்களைக் கடந்து, பாதையை விட்டு அந்தப் பக்கம் இறங்கி, படுவான்கரை நோக்கிப் போயிற்று. "நான் மேகத்தையே பாத்துக்கொண்டு அலைஞ்சன். நிழல் எங்க விழணும் எண்டு முதல்ல வச்சா, மேகம் தானா வந்து தன்ட இடத்தில நிக்கும்" என்று யாருக்கென்று இல்லாமல் சொன்னாள். இளையதம்பி கரை சேர்த்ததும், அன்றைக்குத்தான் முதல்தடவையாக எல்லாருக்கும் முன்னால் குதித்து இறங்கி ஓடினாள்.

றஞ்சிதா மாறிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். அடுத்த நாள் கடையில், "நடு ஆத்தில வச்சு என்ட கையப் புடிச்சு முறுக்கிட்டாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் சாமான் கட்டுகிற இடைவெளியில் வாசலுக்கு வந்து, எதிர்ச் சுவரில் நிழல் வருகிறதா என்று பார்த்ததை நான் கண்டேன்.

கீழ்த்தட்டு இன்னும் முடியாத நாளில் கிரானாக்கள் வீடு பார்க்க வந்தார்கள். வீட்டைத்தானே முதலில் பார்ப்பார்கள், மகன் வந்து இருக்கப்போகிற வீடு. சுபாகரனின் தாய் கிணற்றை எட்டிப் பார்த்தாள், தென்னையை அண்ணாந்து பார்த்தாள், சுவரைத் தட்டிப் பார்த்தாள். கடைசியாக அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டு. "என்ன புள்ள, இப்படி மூடிக்கிடக்கு" என்று கறுப்புத் துணியை ஒரே இழுப்பில் விலக்கினாள். வெயில் பாய்ந்து திரையில் விழுந்தது.

துசாந்தினி எழுந்தாள். முகம் சுளிக்கவில்லை. துணியை மறுபடி யன்னலில் மாட்டினாள்.

"கோவிக்காதீங்க மாமி. வெளிச்சம் வந்தா மேகம் தெரியாது."

"மேகம் வெளியிலதானே இரிக்கி மகள்?"

வாசலில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். துசாந்தினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, வந்தவர்களுக்கு முன்னாலேயே திரையில் எதையோ மெல்லமாக இறக்கினாள். வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு, "மறுகாச் சொல்றம்" என்று போனார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் நாகரெத்தினத்துக்கு நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு அவள் வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கினாள். உள்ளே மகள் வானத்தை வைத்துக்கொண்டிருக்க, வெளியே தாய் சுவரை வெளுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் தடுத்துப் பிடிக்கவில்லை.

படத்தை அனுப்புமுன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். தண்ணீருக்கு மேலே பறந்து போகிறோம். மேல்தட்டு எங்களோடு கூடவே வருகிறது. நடுத்தட்டு மெல்ல நகர்கிறது. கீழ்த்தட்டு, அடி தட்டையாக, தலை பொங்கி, எங்களைக் கடந்து ஓடுகிறது. அதன் நிழல் வாவியில் பாய் சுருட்டி வருகிறது. வள்ளம் ஒன்றின்மேல் ஏறி இறங்குகிறது. எனக்குக் காலில் குளிர்ந்தது. பொய் சொல்லவில்லை, நான் சீலைத் தலைப்பைத் தேடினேன்.

"சரியா ஆச்சி?"

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றேன், பகிடிக்கு. அவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். உண்மையாகவே ஒரு மயிரளவு இறக்கினாள்.

அம்னாவின் பதில் வந்த நேரம் நாகரெத்தினம் வெள்ளைத் தூரிகையோடு யன்னலுக்கு வெளியே நின்றாள். போனின் சத்தம் துணியைத் தாண்டி வந்தது. "தங்கச்சி, நேரா நிக்கிது! எல்லாரும் பாத்தாச்சி. உடுப்பக் கட்டிக்கிட்டு வாங்க." துசாந்தினி மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். வெளியே நின்றவள் தூரிகையை வாளிக்குள் போட்டுவிட்டுப் பாதிச் சுவரோடு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தாயும் மகளும் கதைக்கவில்லை. அவள் சோறு வைத்தாள், இவள் தின்றாள், அவ்வளவுதான். கிரானுக்கு ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொன்னதும் நாகரெத்தினம்தான். ஆனால் மகளிடம் அதைச் சொல்லவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் வந்து என்னிடம் சொன்னாள்: "எங்கட ஊரில ஆம்புளப் புள்ளதான் வீட்ட விட்டுப் போவான் ஆச்சி. எனக்கு அனுப்பிப் பழக்கமில்ல."

அவளைத் திண்ணையில் இருத்தித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

புறப்படுகிற காலையில் துசாந்தினி யன்னல் துணியைக் கழற்றினாள். அறைக்குள் வெயில் போய், வெறும் மேசையில் உட்கார்ந்தது. கணினியைப் பெட்டியில் கட்டி இளையதம்பியின் சைக்கிளில் ஏற்றி, பஸ் வரும் தெருவுக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டாள். ஒழுங்கையில் இரண்டு மூன்று படலை திறந்திருந்தது. றஞ்சிதா கடைவாசலில் நின்றாள். வாய் மட்டும் மூடியிருந்தது.

"அம்மா, போயிட்டு வாறன்."

அடுக்களையை விட்டு நாகரெத்தினம் வெளியே வரவில்லை. பிள்ளை வாசற்படியில் நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

பாதி முற்றம் கடந்தபோது நாகரெத்தினம் வெளியே வந்தாள். கையில் ஒரு தலையணை. பரணில் கிடந்த அதே பஞ்சு, புதுச் சீத்தைத் துணி உறை. அதை மகளின் கக்கத்துக்குள் திணித்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு மூலையத் தைக்கல்ல. உனக்குப் பஞ்சு வேணுமெண்டா அதுக்குள்ளால எடு. அங்கயும் போய் ஆக்கள்ட தலகாணியக் கிழிக்காத" என்றாள்.

துசாந்தினி தலையணையைத் திருப்பித் திருப்பி அந்த மூலையைத் தேடினாள். கண்டுபிடித்தாள். காற்றில் ஒரு நூல் பஞ்சுகூட வெளியே போகாதபடி அதை வலது கைக்குள் பொத்திப் பிடித்தாள். இடது கையால் படலையைத் திறந்து, ஒழுங்கையில் இறங்கி நடந்தாள்.